எக்செல் செல்லில் கண்டதையும் அடிக்கவிடாமல் தடுப்பது: அனுபவம் உள்ளவர்கள் பகிரவும்

பல கைகள் நிரப்பும் ஷீட்டில் முதல் ஓட்டை செல்பேசி எண் பத்தியில்தான் விழும். செல்லில் எதை அடிக்கலாம் என்று விதி போடும் ‘டேட்டா வேலிடேஷன்’ வசதியில் ‘டெக்ஸ்ட் லெங்த் 10’ (நீளம் பத்து எழுத்து) என்று விதி போட்டால் அது எழுத்தை மட்டும் எண்ணும். 98765.4321 என்று அடித்துப் பாருங்கள், புள்ளியோடு சேர்த்துப் பத்து. சத்தமில்லாமல் உள்ளே போகும். அதற்குப் பதில் ‘ஹோல் நம்பர்’ (முழு எண்), ‘பிட்வீன்’ எடுத்து 6000000000, 9999999999 என்று எல்லை கொடுப்பதே சரி. ஆதாருக்கு 200000000000 முதல் 999999999999 வரை, ஏனென்றால் அது 0, 1-ல் தொடங்காது. செல் ஜெனரல் வடிவத்தில் இருந்தால் 12 இலக்கம் 2.35E+11 போலச் சுருங்கித் தெரியும். நம்பர் வடிவம், டெசிமல் 0 என்று மாற்றிவிடுங்கள்.

* * *

அதோடு டேட்டா வேலிடேஷன் பெட்டியில் உள்ள ‘எரர் அலர்ட்’ பக்கத்தையும் பார்க்கணும். ‘ஸ்டாப்’ மட்டும்தான் தடுக்கும். ‘வார்னிங்’ போட்டால் ‘தொடரலாமா?’ என்று கேட்கும், எல்லாரும் யெஸ் தட்டிவிட்டுப் போவார்கள். ‘இன்ஃபர்மேஷன்’ வெறும் அறிவிப்பு.

* * *

எவ்வளவு கச்சிதமாக விதி போட்டாலும் அது தட்டச்சை மட்டுமே பார்க்கும், பேஸ்ட்டைப் பார்க்காது. வேறு ஷீட்டிலிருந்து ஒரு செல்லை காப்பி செய்து ஒட்டினால் தவறான மதிப்பு வருவதோடு நிற்காது, அந்தச் செல்லில் இருந்த விதியே அழிந்துவிடும். பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ மட்டும் ஒட்டினால் விதி பிழைக்கும், ஆனால் மதிப்பு சோதிக்கப்படாது. மூலையைப் பிடித்துக் கீழே இழுத்து நிரப்பினாலும், மேக்ரோ எழுதினாலும் இதே கதைதான்.

‘சர்க்கிள் இன்வாலிட் டேட்டா’ கொடுத்தால் தவறான செல்களுக்குச் சிவப்பு வட்டம் போடும். ஆனால் விதி அழிந்த செல்லுக்குப் போடாது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் எஃப்5, ஸ்பெஷல், டேட்டா வேலிடேஷன், ஆல் என்று போய் விதி உள்ள செல்கள் எவை என்று பாருங்கள். தேர்வில் நடுவே விட்டுப்போன செல்தான் பேஸ்ட் வாங்கியது. விதியை மறுபடி போட்டுவிட்டு அப்புறம் வட்டம்.

ஷீட்டைப் பூட்டினால் தீருமா என்றால், தீராது. நிரப்புவதற்காகத் திறந்துவிட்ட செல்லில் பேஸ்ட் தாராளமாக நடக்கும். பக்கத்துப் பத்தியில் ‘சரி’, ‘தவறு’ காட்டும் ஃபார்முலா எழுதி, அந்தப் பத்தியைப் பூட்டுவது கொஞ்சம் உறுதியான வழி. அதில் யாரும் ஒட்ட முடியாது.

* * *

டிராப்டவுன் (தேர்ந்தெடுக்க விரியும் பட்டியல்) பற்றி யாரும் சொல்லவில்லை. ‘சோர்ஸ்’ பெட்டியில் கமா போட்டு நேரடியாக அடிக்கும் பட்டியலுக்கு 255 எழுத்துதான் வரம்பு. ஆங்கிலத்தில் அடித்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பார்க்கும். ஷீட்டில் உள்ள பகுதியைச் சுட்டினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் அந்தப் பகுதிக்குப் பெயர் வைத்து, அதற்குள் ஒரு செல் காலியாக இருந்து, ‘இக்னோர் பிளாங்க்’ டிக்கும் இருந்தால், எதை அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். விதி வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இதையும் சோதியுங்கள்.

மாவட்டம் தேர்ந்தால் தாலுகா மாறும் இரட்டைப் பட்டியலில் இன்னொன்று: திருப்பூர், பல்லடம் என்று தேர்ந்தபின் மாவட்டத்தைக் கோவை ஆக்கினாலும் பல்லடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒருமுறை ஏற்ற மதிப்பை எக்செல் திரும்பச் சோதிப்பதில்லை.

* * *

‘கஸ்டம்’ ஃபார்முலா எழுதுபவர்களுக்கு: ஃபார்முலாவில் வரும் செல், தேர்வில் வெள்ளையாகத் தெரியும் செல்லாக இருக்கணும். பி2 முதல் பி500 வரை உள்ள பகுதியைக் கீழிருந்து மேலாக இழுத்துத் தேர்ந்தால் அது பி500. நீங்கள் பி2 என்று எழுதினால் விதி முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். எப்போதும் மேலிருந்து தேர்ந்தெடுங்கள்.

இரட்டைப் பதிவைத் தடுக்க, ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் ஃபார்முலாவை எல்லாரும் போடுவார்கள். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை டெக்ஸ்டாக வைத்திருந்தாலும் கவுண்ட்இஃப் அதை எண்ணாக்கி முதல் 15 இலக்கத்தை மட்டுமே ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறான இரண்டு கணக்குகளை ஒன்று என்று சொல்லித் தடுக்கும். அங்கே சம்ப்ராடக்ட் ஃபார்முலா வைத்து நேரடியாகச் சமமா என்று பாருங்கள்.

* * *

தமிழில் பெயர் வாங்கும் பத்தியில் நீள வரம்பு வைக்கிறவர்கள் தாராளமாக வையுங்கள். மீனாட்சி நமக்கு நான்கு எழுத்து, எக்செலுக்கு எட்டு. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும்.