குடும்பக் குழுவில் வந்து விழுந்த சாவி

சுங்கை சிப்புட் குடும்பம் · ஞாயிறு

தம்பி 8:41
அக்கா, பசியாறியாச்சா? கோயில் திருவிழாப் பக்கத்தை கிட்ஹப் தளத்தில் ஏற்றப் பார்க்கிறேன். ஏற்றும் கட்டளை கிட் புஷ் கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. சரியாகத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது.

பினாங்கு அக்கா 8:44
2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைக்குக் கணக்கு பாஸ்வேர்டை அவர்கள் ஏற்பதில்லை. டோக்கன் (அவர்கள் தரும் தனி ரகசியக் குறியீடு) வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் சாவி (உன்னை அடையாளம் காட்டும் ஜோடி ஃபைல்). நீ சாவியே செய். டெர்மினலில் எஸ்எஸ்எச்-கீஜென், இடைவெளி, -டி (சின்ன டி), இடி25519. பாஸ்பிரேஸ், அதாவது சாவியைத் திறக்கும் ரகசியச் சொல், கேட்கும், கட்டாயம் போடு.

தம்பி 8:52
இரண்டு ஃபைல் வந்திருக்கிறது.

பினாங்கு அக்கா 8:53
சரி, சாவியை அனுப்பு.

தம்பி 8:54
-----பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ----- … மேலும் வாசிக்க

அத்தை 8:54
என்ன தம்பி இது, யாருடைய ஜாதகம்?

பினாங்கு அக்கா 8:55
ஐயோ! அழிடா!

தம்பி 8:55
அழித்துவிட்டேன்.

பினாங்கு அக்கா 8:58
குழுவில் 43 பேர். யார் போனில் தங்கியதோ. என் தப்புதான், எந்தச் சாவி என்று சொல்லவில்லை. .பப் என்று முடிகிறதே, அது மட்டும்தான் வெளியே போகலாம். ஒரே வரி, எஸ்எஸ்எச்-இடி25519 என்று தொடங்கும்.

பெரிய மாமா 9:01
உண்டியல் பணத்துக்கு ஆபத்தாம்மா?

பினாங்கு அக்கா 9:03
இல்லை மாமா. அந்தச் சாவியை இன்னும் எங்கேயும் பதியவில்லை. உண்டியல் பூட்டை ஊரே பார்க்கிறது, சாவி உங்கள் இடுப்பில்தானே? .பப் ஃபைல் அந்தப் பூட்டு. தம்பி அனுப்பியது இடுப்புச் சாவி.

பெரிய மாமா 9:04
அப்படியானால் பூட்டையே மாற்றச் சொல்.

பினாங்கு அக்கா 9:05
அதேதான். பாஸ்பிரேஸ் இருப்பதால் எடுத்தவனுக்கும் லேசில் திறக்காது. ஆனாலும் புதிதாகச் செய்.

தம்பி 9:06
அது வந்து… பாஸ்பிரேஸ் போடாமல் வெறும் எண்டர் தட்டிவிட்டேன் அக்கா.

அத்தை 9:06
😂

பினாங்கு அக்கா 9:09
சரி விடு. 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் சொந்த ஆர்எஸ்ஏ சாவியே ஒரு பொது ரெப்போவில் (எல்லாரும் பார்க்கும் ஃபைல் தொகுப்பில்) கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டது. அவர்களும் மாற்றத்தான் மாற்றினார்கள். புதிய .பப் வரியை கிட்ஹப் செட்டிங்ஸில் ஒட்டு. அப்புறம் கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின் கொடுத்து எஸ்எஸ்எச் முகவரியைப் போடு, பழைய எச்டிடிபிஎஸ் இருந்தால் மறுபடியும் பாஸ்வேர்ட்தான் கேட்கும். சோதிக்க எஸ்எஸ்எச் -டி கிட்@கிட்ஹப்.காம், இங்கே பெரிய டி.

தம்பி 9:31
என் பெயரைச் சொல்லி ஹாய் என்கிறது, ஆனால் ஷெல் (கட்டளைத் திரை) வசதி தரமாட்டார்களாம். தோல்வியா?

பினாங்கு அக்கா 9:32
அதுதான் வெற்றி, சாவியை ஏற்றுக்கொண்டது. புஷ் பண்ணுவதற்கு முன் கிட் லாக் --ஸ்டாட் பார், என்னென்ன ஃபைல் கமிட் (பதிவு) ஆகியிருக்கிறது?

தம்பி 9:35
பக்கம், படங்கள், உபயதாரர் எக்செல். கிட் ஆட் புள்ளி போட்டேன், எல்லாம் ஏறிவிட்டது.

பெரிய மாமா 9:36
அந்த எக்செல்லில் எல்லார் போன் நம்பரும் இருக்கிறது தம்பி!

பினாங்கு அக்கா 9:38
புஷ் ஆகாதது நல்லதாய்ப் போயிற்று. ஒரே கமிட்டுக்குள்தானே? கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1. கமிட் மட்டும் பிரியும், ஃபைல் அப்படியே இருக்கும். கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்ட் போட்டு எக்செல்லைக் கமிட் பட்டியலிலிருந்து எடு, அதன் பெயரை .கிட்இக்னோரில் (கிட் சேர்க்கக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) எழுது, மறுபடி கமிட். புஷ் ஆன பிறகு அழித்தால் பழைய கமிட்டில் கிடக்கும், யாரும் தோண்டி எடுக்கலாம்.

தம்பி 9:50
புஷ் ஆகிவிட்டது!

பெரிய மாமா 9:57
பார்த்தேன். அன்னதானத்துக்கு இரண்டு சுழி 'ன' எங்கே? மூன்று சுழி போட்டிருக்கிறாய்.

தம்பி 10:02
திருத்தி இன்னொரு கமிட் போட்டாயிற்று மாமா.