மறு: மாணிக்கத்துக்கு மரகதம் நிரப்பு நிறமா, எடுப்பு நிறமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நகை வடிவமைப்பு மாணவர்களுக்கான பாடக் குறிப்பில், வண்ணச் சக்கரத்தின் (நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்திய படம்) எதிரெதிர் நிறங்களை எப்படி அழைப்பது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘நிரப்பு நிறம்’ போதும், புதிதாக எதுவும் வேண்டாம் என்கின்றன. மூன்று நாள் அந்தச் சொல்லையே கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

> கணிதத்தில் நிரப்புக் கோணம் இருக்கிறது, இயற்பியலில் நிரப்பு நிறம் இருக்கிறது. நகைக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

ஐயா, இயற்பியலில் அது அருமையான சொல். இரண்டு கோணங்கள் சேர்ந்து 90 பாகையை நிரப்புவது போல, இரண்டு நிற ஒளிகள் சேர்ந்து வெண்மையை நிரப்புகின்றன. ஆனால் அங்கே சிவப்புக்கு நிரப்பு சியான் என்ற பச்சைநீலம், பச்சைக்கு மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு. எங்கள் மாணவர்கள் கையில் இருப்பதோ சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்றைக் கொண்டு கட்டிய ஓவியர் சக்கரம். அதில் சிவப்புக்கு எதிரே இருப்பது பச்சை. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “சிவப்புக்கு நிரப்பு சியான் என்றுதானே பள்ளியில் படித்தோம்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே சொல்லை மாட்டியதில்தான் பிழை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் குழைத்தால் இரண்டும் செத்துச் சேற்று நிறம் வரும். அதே சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்தால் இரண்டுமே முன்னைவிடத் துலங்கும். சோடி ஒன்றுதான், விளைவு நேர் எதிர். ‘நிரப்பு’ என்பது கலப்பதன் பெயர். ஆசாரி கற்களைக் கலப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் பதிக்கிறார். பதிப்பதால் வரும் விளைவுக்கு அவருக்கு ஒரு சொல் வேண்டும்.

பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரூலுக்கு வந்த சிக்கலும் இதுதான். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார்; சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டபோதுதான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. 1839இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு நிறத்தை அதன் அண்டை நிறம் எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பதைப் பற்றியது. நகைக்கடை மேசையில் நாள் முழுவதும் நடப்பது இதே வேலைதான்.

கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு நாள் மகளின் திருமணத்துக்கு நகை எடுக்க வந்த அம்மாள், அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். உடல் முழுக்க அரக்கு. கரை அடர்ந்த பச்சை. சிவப்புக்கல் அட்டிகையை எடுத்துப் புடவையின் உடல் மேல் வைத்தேன். “கல் அமுங்கிப் போகிறதே” என்றார். உண்மைதான், சிவப்பின் மேல் சிவப்பு, கற்கள் கண்ணுக்கே தனியாகப் படவில்லை. அட்டிகையை நான்கு விரல் தள்ளிப் பச்சைக் கரையின் மேல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது” என்றார். பிறகு யோசித்தார்: கழுத்துக்கு வரப்போவது அரக்குதான், கரை அல்ல. எனவே பச்சைக்கல் அட்டிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வண்ணச் சக்கரத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதன் பாடம் முழுவதும் அவரிடம் இருந்தது, பெயரோடு.

அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம் என்கிறேன்: எடுப்பு நிறம்.

> ‘எடுப்பு’ இசையில் ஏற்கெனவே இருக்கிறது. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம் அது.

இருக்கட்டும், அம்மா. பாடகரும் பொற்கொல்லரும் ஒரே சொல்லைத் தத்தம் துறையில் புழங்குவதால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

> வெள்ளைப் புடவைக்குக் கறுப்பு மணியும் எடுப்புத்தானே? பொதுச்சொல்லைக் கலைச்சொல் ஆக்கலாமா?

இது வலுவான மறுப்பு. இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஆனால் கலைச்சொற்கள் பலவும் பொதுச்சொல்லைக் குறுக்கிப் பிறந்தவைதான். மூட்டையைத் தலையில் சுமந்து அசையாமல் நிற்பவர் இயற்பியல் கணக்குப்படி மூட்டையின் மேல் ‘வேலை’ செய்யவில்லை. அதை நாம் ஏற்றுக்கொண்டோம். அதுபோல, பேச்சில் எடுப்பு எதற்கும் வரட்டும். பாடத்தில் ‘எடுப்பு நிறம்’ என்றால் சக்கரத்தில் நேர் எதிரே உள்ள நிறம் மட்டும். கறுப்பு வெள்ளை வேறுபாட்டை ஒளிர்வு வேறுபாடு என்றே சொல்லிவிடலாம்.

சொல் பாடத்தில் எப்படி உட்கார்கிறது என்று பாருங்கள். “பொன்னின் மஞ்சளுக்கு ஊதா எடுப்பு நிறம், அதனால்தான் ஊதாவான செவ்வந்திக்கல் வெள்ளியில் இருப்பதைவிடப் பொன்னில் துலங்குகிறது.” “பவளத்தின் ஆரஞ்சுச் சிவப்புக்கு டர்க்காய்ஸ் கல்லின் பச்சைநீலம் எடுப்பு நிறம்.” “எடுப்பு நிறத்தைச் சரிபாதி வைக்காதே; ஒன்று ஆளட்டும், மற்றது தொட்டுக்கொள்ளட்டும்.” நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். சிவப்புக் கெம்புகள் நிறைந்திருக்க, ஆங்காங்கே பச்சை வரும். இரண்டுக்கும் நடுவே பொன் விளிம்பு ஓடும். அந்த விளிம்பு கல்லைப் பிடிப்பதோடு கண்ணுக்கும் இளைப்பாற இடம் தருகிறது. ஒத்த வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் நேராக முட்டினால் எல்லைக்கோடு நடுங்குவது போலத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையையும் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். கல்லுக்குச் சொல்வது மெருகேற்றிய பொன்னுக்கு அப்படியே பொருந்தாது. மெருகிட்ட பொன் ஒரு கண்ணாடி. பக்கத்து நிறத்தை வாங்கித் தனக்குள் காட்டும். நகையை நாம் ரோஸ் தாளில் மடித்துத் தருகிறோமே, அதைப் பிரிக்கும்போது பொன்னின் வளைவுகளில் ஒரு செம்மை ஓடுவதைப் பார்க்கலாம். அது தாளின் எதிரொளி, பொன்னின் நிறம் அல்ல. வாடிக்கையாளருக்குப் பொன்னை வெள்ளைத் துணி மேலும் ஒரு முறை வைத்துக் காட்டிவிட வேண்டும். இதை நான் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஆக, என் முன்மொழிவு: ஒளிக் கலப்புக்கும் சாயக் கலப்புக்கும் ‘நிரப்பு நிறம்’ அப்படியே நிற்கட்டும். அருகமைவுக்கு ‘எடுப்பு நிறம்’.

இதன் மறுபக்கமாக, சக்கரத்தில் அடுத்தடுத்து இருக்கும் நிறங்களுக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. நீலம், பச்சைநீலம், பச்சை என்று கற்கள் படிப்படியாக நழுவி வரும் மாலையைக் கடைக்காரர்கள் “இழைந்து போகிறது” என்பார்கள். அதைக் கொண்டு ‘இழை நிறம்’ எனலாமா? நூலிழையோடு குழம்பும் என்று எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. ‘இழைவு நிறம்’ என்றால் அந்தக் குழப்பம் வராது, ஆனால் நாக்கில் சற்று இடறுகிறது. நெசவுத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்: பாவும் ஊடையும் நெருங்கிய இரு நிறங்களில் ஓடும்போது உங்கள் தறிக்கூடத்தில் அதற்கு என்ன பெயர்?