ரிசர்வ் இல்லாமல் ஏலத்துக்கு விடலாமா? ஒரு 1932 ரோட்ஸ்டர், ஸ்காட்ஸ்டேல் மேடை

மணல்காடு:
பீனிக்ஸில் இருக்கிறேன். ஏழு வருடமாக கராஜில் ஹாட் ராடாகக் கட்டிய 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை (கூரையில்லாத கார்) விற்றே ஆகவேண்டும். வீடு மாறுகிறோம், புது வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். பாடி பழையது இல்லை, அதே அச்சில் புதிதாக அடித்த இரும்பு பாடி. இன்ஜின் செவ்ரோலே 350. ரசீதுகளைக் கூட்டினால் 1,15,000 டாலர் வருகிறது, என் உழைப்பு அதில் சேரவில்லை. ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் பாரெட்-ஜாக்சன் ஏலத்துக்கு அனுப்பலாமா? அங்கே பெரும்பாலான வண்டிகள் 'நோ ரிசர்வ்'. நாம் அடிமட்ட விலை என்று ஒன்று வைக்க முடியாது, கடைசியாகக் கேட்டவருக்கு வண்டி. இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பழைய_இரும்பு:
அனுப்பாதீர்கள். நான் பட்டவன்.

மூன்று வருடத்துக்கு முன் என் '34 கூப்பேயை ஒரு பெரிய ஏலத்தில் நோ ரிசர்வில் விட்டேன் (எந்த ஏலம் என்று சொல்லப்போவதில்லை). கட்டிய செலவு 98,000. எனக்குக் கிடைத்தது வாரநாள் காலை நேரம். கூடாரத்தில் பாதி நாற்காலி காலி, மீதிப் பேர் காபி வாங்கப் போயிருந்தார்கள். 52,000-இல் சுத்தியல் விழுந்தது. மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கியவர் மேலே 10 சதவீதம் பிரீமியம் கட்டி 57,200 கொடுத்தார், அந்த 5,200 ஏல நிறுவனத்துக்கு. என் பக்கம் கமிஷன், நுழைவுக் கட்டணம், லாரி வாடகை போகக் கைக்கு வந்தது 45,000 சொச்சம். 'ரெண்டு தரம்' என்று சொல்லும்போது மேடையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். கேமரா ஓடுகிறதே.

மூணுதரம்:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்களை அடித்தது நோ ரிசர்வ் இல்லை, காலை நேரம்.

மஸ்டாங், கார்வெட் என்றால் போன மாதம் அதே மாதிரி வண்டி என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிடலாம். கையால் கட்டிய வண்டிக்கு அப்படி ஒப்பிட என்ன இருக்கிறது? உலகத்தில் அது ஒன்றுதான். அதன் விலையை ஏலம்தான் சொல்லும். ரிசர்வ் வைத்தால் வாங்க வந்தவர் ஆரம்பத்திலேயே கை கட்டிக்கொள்வார், 'இவன் கொடுக்கப்போவதில்லை' என்று. ரிசர்வ் இல்லை என்றால் இன்று வண்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், கை தானாக உயரும். 2013-இல் அதே ஸ்காட்ஸ்டேல் மேடையில் பேட்மேன் தொடரில் வந்த 1966 பேட்மொபைல் 42 லட்சம் டாலருக்குப் போனது, பிரீமியத்தோடு 46.2 லட்சம். 2022 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில் ஹிரோஹாட்டா மெர்க் (மாற்றிக் கட்டிய 1951 மெர்குரி கார்) 19.5 லட்சத்தில் முடிந்தது. இரண்டுமே பட்டறையில் வெட்டி ஒட்டிய வண்டிகள்தானே?

பழைய_இரும்பு:
தம்பி, பேட்மொபைலை இழுக்கிறீர்களே! அது 1955 லிங்கன் ஃப்யூச்சுரா என்ற கான்செப்ட் காரை ஜார்ஜ் பாரிஸ் மாற்றிக் கட்டியது, ஒரு தலைமுறையே தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தது. மெர்க்கை 1952-இல் பாரிஸ் சகோதரர்கள் கட்டினார்கள். 1959-இல் ஒரு பையன் 500 டாலருக்கு வாங்கி, சாகும்வரை விற்காமல் வைத்திருந்தான். அந்த விலை தகரத்துக்குக் கொடுத்தது இல்லை, கதைக்குக் கொடுத்தது. மணல்காடு சாரின் வண்டிக்கு என்ன கதை? வீடு மாறுகிறார் என்பதா?

பிளாட்ஹெட்பித்தன்:
சின்னத் திருத்தம். மெர்க் ஹாட் ராடே இல்லை, அது கஸ்டம். ஹாட் ராட் வேகத்துக்காக எடை குறைத்தது, கஸ்டம் அழகுக்காக ஈயம் பூசி வழவழப்பாக்கியது. கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்களே, அந்த வம்சம்தான் '32 ரோட்ஸ்டர். அந்த வருடம்தான் ஃபோர்டு மலிவு விலையில் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் கொடுத்தது, 65 குதிரைத்திறன். அதில் செவ்ரோலே இன்ஜின் வைத்தவர்களோடு எனக்குப் பேச்சில்லை. :)

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ கட்டி, பழைய படங்களும் பந்தயப் பதிவும் இருந்தால் ஒரு விலை. அல்லது கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோவில் 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' பரிசு வாங்கியிருந்தால் ஒரு விலை. இரண்டும் இல்லாவிட்டால் வாங்குகிறவர் பெயின்டையும் வெல்டிங்கையும் பார்த்துத்தான் கேட்பார்.

வெல்டிங்_மாமா:
எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள், பேப்பரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லையே. சார், பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறது? '1932 ஃபோர்டு' என்றா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஃபோர்டு அந்தக் காலத்தில் வண்டி எண்ணை அடித்தது சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில். உங்கள் சேஸிஸும் புதிது, பாடியும் புதிது என்றால் 1932 எங்கிருந்து வந்தது? எங்கிருந்தோ வாங்கிய பழைய எண்ணை ஒட்டியிருந்தால் நாளைக்கு வாங்கியவர் வக்கீலோடு வருவார். கலிஃபோர்னியாக்காரர் வாங்கினால் இன்னொரு தலைவலி. அங்கே எஸ்பி 100 என்று ஒரு வழி இருக்கிறது. கையால் கட்டிய வண்டியை, அது எந்த வருட மாடல் போல இருக்கிறதோ அந்த வருடமாக வைத்துப் புகைச் சோதனையில் நடத்துவார்கள். '32 போல இருந்தால் சோதனையே இல்லை. ஆனால் வருடத்துக்கு 500 வண்டிக்குத்தான். ஏலத்துக்கு வருகிற விவரமுள்ள ஆள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கை தூக்குவார்.

மணல்காடு:
நல்ல கேள்வி. என் பத்திரத்தில் 'சிறப்பாகக் கட்டிய வாகனம்' என்றுதான் இருக்கிறது, சேஸிஸுக்கும் புது எண். அப்போது இதுவே விலையைக் குறைக்குமா?

வெல்டிங்_மாமா:
கொஞ்சம் குறைக்கும். ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம். கேட்டலாக்கில் '1932 ஃபோர்டு' என்று மட்டும் போட விடாதீர்கள், புது பாடி என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மூணுதரம்:
சரி, மேடை வேண்டாம் என்றால் பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலம். விற்பவருக்குக் கமிஷன் கிடையாது, வாங்குபவருக்கு 5 சதவீதம். ஒரு வாரம் ஓடும். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் நீளும். ரிசர்வும் வைக்கலாம்.

பழைய_இரும்பு:
அதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் அங்கே அடியில் படுத்து எடுத்த படம் கேட்பார்கள், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ கேட்பார்கள். ஒவ்வொரு போல்ட்டைப் பற்றியும் நூறு பேர் கருத்து சொல்வார்கள். ஏழு வருடம் கட்டிய வண்டியைப் பற்றி முன்பின் தெரியாதவர் 'பெயின்ட் கலர் சகிக்கவில்லை' என்று எழுதுவதைப் படிக்கும் மனசு வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆமாம், என்ன கலர்?

மணல்காடு:
ஊதா. முன்பக்கம் தீச்சுவாலை.

பிளாட்ஹெட்பித்தன்:
ஐயோ.

மூணுதரம்:
அதற்குத்தான் மேடை என்கிறேன்! ஊதாவை விரும்பும் இரண்டு பேர் ஒரே கூடாரத்தில் இருந்தால் போதும். ஒருவர் மட்டும் இருந்தால் அடிமாட்டு விலைதான், ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டாவது ஆள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நேரத்தைப் பேசி வாங்குங்கள் சார்.

பழைய_இரும்பு:
பேட்மொபைலுக்கு நேரம் பேசலாம். 350 செவ்ரோலே வைத்த ஊதா '32-க்கு அவர்கள் கொடுக்கிற நேரம்தான்.

மணல்காடு:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் கேட்டேன். 'எழுபதுக்குக் கீழே போனால் நீங்கள் ஒரு மாதம் சாப்பிட மாட்டீர்கள்' என்றார், அது உண்மைதான். அதனால் இப்படி முடிவு: சனிக்கிழமை நேரம் எழுத்தில் கொடுத்தால் ஸ்காட்ஸ்டேல். வாரநாள் காலை என்றால் 75,000 ரிசர்வோடு இணையம். அங்கேயும் போகவில்லை என்றால் வண்டி தெருவில் நிற்கட்டும், வேலைக்கு அதில் போகிறேன்.

பழைய_இரும்பு:
பீனிக்ஸ் ஜூன் மாதத்தில், கூரை இல்லாமல்? இப்போதே ஒரு தொப்பி வாங்கிவிடுங்கள்.