சின்னச் சங்கங்களுக்குக் காசு குடுக்கிற அறக்கட்டளை எதை அளக்கவேணும்?

கொட்டாஞ்சேனை அக்கா:
கொழும்பில நெருக்கமா வீடுகள் இருக்கிற எங்கட தோட்டத்துப் பெண்கள் சங்கத்துக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒண்டு ஒரு வருசக் காசு தந்தது. இப்ப அறிக்கைப் படிவம் வந்திருக்கு. எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தவை, எத்தனை துண்டுப்பிரசுரம். புருசனிட்ட அடிவாங்கின பிள்ளையைப் புதுக்கடைச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டும் கூட்டிக்கொண்டு போய், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில, அவன் திரும்ப அடிக்காம இருக்கக் கோட்டில பாதுகாப்புக் கட்டளை எடுத்துக் குடுத்தம். அதுக்கு அந்தப் படிவத்தில கட்டமே இல்ல. இது சரியோ?

கணக்கன், வெள்ளவத்தை:
கோவிக்காதேங்கோ அக்கா, காசு குடுக்கிறவன் கேப்பான்தானே. தலைக்கணக்கும் இல்லாட்டி, பதாகை கட்டி, சோத்துப் பார்சல் குடுத்து, படம் எடுத்து அனுப்பிற ஆக்களையும் உங்களையும் எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?

தெமட்டகொடை தம்பி:
அண்ணே, பதாகைக்காரங்களுக்குத்தான் தலைக்கணக்கு லேசு! டெங்கு துண்டு குடுக்கிற வேலை ஒரு சனிக்கிழமையில முடிஞ்சிடும். குப்பை ஏன் அள்ளல்லன்னு தகவலறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேட்டு அலையிறதுக்கு ஒரு வருசம் போதாது, நீண்டகாலக் காசுதான் வேணும். கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டு அன்னைக்குச் சரிஞ்சு 32 பேர் செத்தாங்க. அதுக்கு முந்தியே அங்க உள்ள சனம் ரோட்டுக்கு இறங்கிப் போராடினதுதானே. அந்த நேரம் மதிப்பீட்டாளர் யாரும் போயிருந்தா, "பலன் இல்லை"ன்னு எழுதிட்டு வந்திருப்பார்.

கணக்கன், வெள்ளவத்தை:
செத்த ஆக்களைச் சொல்லி வாயடைக்கவேண்டாம் தம்பி. தலைவியும் பொருளாளரும் ஒரே வீட்டில இருக்கிற சங்கங்களை நான் பாத்திருக்கிறன். நீண்டகாலக் காசு எண்டா கணக்கு இன்னும் இறுக்கமா இருக்கவேணும்.

பழைய மதிப்பீட்டாளர்:
ரெண்டு அலுவலைக் குழப்புறீங்கள். காசு எங்க போச்சு எண்டது ஓடிட். பில், வங்கிக் கணக்கு, ரெண்டு கையெழுத்து. அதில இரக்கமே காட்டவேண்டாம். வேலை பலிச்சுதோ எண்டது வேற கேள்வி. ஃபோர்ட் அறக்கட்டளை 2016இல தொடங்கின பில்ட் திட்டத்தில ஐந்து வருசக் கொடை குடுத்தவை. வாடகை, சம்பளம் எண்டு சங்கம் தனக்குத் தேவையானதுக்குச் செலவழிக்கலாம். அளக்கிறதுக்கும் வேற வழி இருக்கு. ரிக் டேவிஸ் எண்ட மதிப்பீட்டாளர் பங்களாதேசில உருவாக்கின முறையில, இத்தனை கூட்டம், இத்தனை பேர் எண்டு குறிகாட்டி எண்ணுறதில்ல. ஆகப் பெரிய மாற்றம் எது, ஏன் எண்டு சனமே சொல்லும். அந்தக் கதைகளை ஆக்கள் கூடியிருந்து வாதாடித் தெரிவுசெய்வினம்.

கணக்கன், வெள்ளவத்தை:
கதை கேட்டா நல்ல கதைதான் வரும். தோத்த கதையை ஆர் சொல்லுவினம்?

பழைய மதிப்பீட்டாளர்:
அந்த ஓட்டை இருக்கு. அதால கதையில வாற ஆளிட்டயே நேர போய் விசாரிக்கவேணும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
எங்க போய் விசாரிக்கிறது? அடிவாங்கின பிள்ளையின்ர வாசல்ல அறக்கட்டளையின்ர வான் வந்து நிண்டா முழுத் தோட்டத்துக்கும் தெரிஞ்சிடும். வரவு இடாப்பில அடையாள அட்டை இலக்கமும் கேட்டவை. நான் குடுக்கேல்ல. எச்ஐவி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போற ஆக்களின்ர பேரையும் நாளைக்குக் கேப்பினம். பாதுகாப்புக் கட்டளை கூடினது ஒரு வருசம், அறக்கட்டளைக் காசும் ஒரு வருசம். ரெண்டும் முடிஞ்சாப்பிறகு அவன் திரும்பி வந்தா ஆரிட்டப் போறது?

கணக்கன், வெள்ளவத்தை:
பேர் குடுக்காதது சரிதான். அப்ப ஆரைக் கேட்டு உறுதிப்படுத்திறது?

தெமட்டகொடை தம்பி:
ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸக் கேளுங்க. எல்லா வீட்டுக்கும் போறவங்க, பேர் சொல்லாமலே நிலவரம் சொல்லுவாங்க.

கொட்டாஞ்சேனை அக்கா:
எனக்குச் சம்மதம். ஆனா அவ எங்களைப் புகழமாட்டா. கிளினிக்கில இருக்கக் கதிரை இல்லையெண்டு நாங்கள் சுலோக மட்டை பிடிச்சு நிண்டதில அவவுக்கு இன்னும் கோவம்.