குடியை நிறுத்த வாரம் ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் போதுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
எங்கள் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர், பத்து வருஷமாகத் தினமும் குடி. இப்போது அவரே நிறுத்துகிறேன் என்கிறார். எங்கேயும் தங்க மாட்டாராம், போய்வந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்:
தம்பி, வீட்டிலேயே திடீரென்று நிறுத்த விடாதீர்கள். தினமும் குடித்தவருக்கு முதல் 2 நாளிலேயே வலிப்பு வரலாம், அப்புறம் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா? ஆமாம் என்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். சில நாள் படுக்கை தேவைப்படலாம்.

பதில்:
அதன்பிறகுதான் உங்கள் கேள்வியே வருகிறது. என் கணவர் வாரம் ஒருநாள் போய்வந்தார், மூன்றாம் வாரமே மறுபடி குடித்தார், ஏனென்றால் கூலி கையில் வரும் அன்றைக்கு, அதே கூட்டாளிகளோடு இருக்கும் நேரத்துக்கு அந்த ஒருநாள் போதவில்லை. வாரத்தில் நாலைந்து நாள், மூன்று மூன்று மணி நேரம் ஆலோசனைக்குப் போன பிறகுதான் நிலைத்தார். வீட்டில் துணை இருந்து, குடி லேசானதாக இருந்தால் வாரம் ஒருநாள் சரி.

பதில்:
குடி, போதையை விட உதவும் அரசு உதவி எண் 14446க்குப் பேசுங்கள், காசு கிடையாது. அருகில் எந்த மையம் என்று சொல்வார்கள்.

கேட்டவர்:
கை நடுங்குகிறது அக்கா. நாளைக் காலையிலேயே ஸ்டான்லிக்குக் கூட்டிப்போகிறேன்.