புதுப்பிப்பு: 8 ஸ்பீட் சைக்கிளில் 9 ஸ்பீட் டீரெய்லர்

போன மாசம் கேட்டிருந்தேன்: என் ஷிமானோ 8 ஸ்பீட் (பின்னாடி 8 கியர்) எம்டிபியில் (மலைச் சைக்கிள்) பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்துலேருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம்) உடைஞ்சுபோச்சு, புதுச்சேரியில் ஷிமானோவோட 9 ஸ்பீட் அலிவியோ மாடல்தான் கிடைக்குது, போடலாமான்னு. போட்டாச்சு, ஓடுது.

நடுவுல ஒரு கூத்து. "டீரெய்லர் 9ன்னா கேசட்டும் 9தான் சார்"னு கடைக்காரர் கேசட் (பின்சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு), செயின் ரெண்டையும் மாத்திட்டார். ஷிஃப்டர் (ஹேண்டில்பார்ல கியர் மாத்துற லீவர்) மட்டும் பழைய 8. முதல் ரெண்டு கியர் சரி, அப்புறம் ஒரே கடகடப்பு. அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது செயின் தானா தாவுது.

ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கணும்னு முடிவு பண்றது ஷிஃப்டர்தான். 8 ஸ்பீட் கேசட்டில் பல்சக்கர இடைவெளி 4.8 மி.மீ., 9இல் சுமார் 4.35. கிளிக்குக்கு அரை மி.மீ.கிட்ட பிசகினா ஏழு கிளிக்கில் 3 மி.மீ. தாண்டிடும். ஷிமானோ 8, 9 ஸ்பீட் டீரெய்லர்களோட இழுவை விகிதம் (கேபிளை இவ்வளவு இழுத்தா டீரெய்லர் எவ்வளவு நகரும்ங்கற கணக்கு) ஒண்ணுதான், அதனால அது மேல குத்தமில்லை. (10 ஸ்பீட் எம்டிபி டீரெய்லர் வேற கணக்கு, வாங்கிடாதீங்க.)

நல்லவேளை, பழைய கேசட்டை எடைக்குப் போடலை. அதையே மாட்டினேன். 9 ஸ்பீட் செயின் அப்படியே இருக்கு, சத்தமே இல்லை. ஞாயிறு கடலூர் சில்வர் பீச் வரைக்கும் போய் வந்தேன். உப்புக்காத்துல கேபிள்தான் துருப்பிடிச்சிருக்கு, அடுத்து அதை மாத்தணும்.