கிளட்ச் கவரில் ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங் பசையை எடுப்பது எப்படி?

பாலக்கோடு:
வணக்கம். என் பழைய ஸ்ப்ளெண்டருக்குக் கிளட்ச் தட்டு மாற்ற வலது பக்கக் கவரைக் கழற்றினேன். முன்பு வேலை பார்த்த மெக்கானிக் காகித பேக்கிங்கும் (ஆயில் கசியாமல் இருக்கக் கவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் தாள்) போட்டு, அதன் மேல் சாம்பல் நிறப் பசையையும் தாராளமாக அப்பியிருக்கிறார். கவரில் பாதி, என்ஜினில் பாதி என்று பிய்ந்து நிற்கிறது. பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன், அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதில் ஒரு இடத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை விடிகாலை தக்காளி மண்டிக்குப் போக வண்டி வேண்டும்.

பென்னாகரம்:
தம்பி, காஸ்டிக் சோடா கரைத்து ஊறப் போடு. என் ஆர்எக்ஸ் 100 சைலன்சரில் கரி எல்லாம் அப்படித்தான் எடுத்தேன்.

ஓசூர் பட்டறை:
பென்னாகரத்து அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், சைலன்சர் இரும்பு, தாங்கும். இந்தக் கவர் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும். நுரைத்து வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் நெருப்பு இருந்தால் வேறு வினை.

தம்பி, பசையின் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் சிலிக்கான். பழுப்பாக, வார்னிஷ் போலப் பொடிந்தால் ஷெல்லாக் வகை, அது ஸ்பிரிட்டில் கரையும். உங்களுடையது சிலிக்கானாகத்தான் இருக்கும். அது பெட்ரோலில் கரையாது, ஆனால் ஊறினால் உப்பிப் பிடி விடும். நீங்கள் துடைத்தீர்கள், ஊறவைக்கவில்லை. பழந்துணியைப் பெட்ரோலில் நனைத்து, பசை இருக்கும் விளிம்பில் மட்டும் சுற்றி, காயாமல் பாலித்தீன் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். வெட்டவெளியில் செய்யுங்கள், அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம். தின்னரும் கேட்கும், ஆனால் கவரின் வெளிப்பக்க பெயின்டையும் தூக்கிவிடும்.

அப்புறம் காலாவதியான ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள். மீதி இருக்கும் மெல்லிய தோலுக்குப் புது சவர பிளேடைப் படுக்கவைத்துத்தான் இழுக்க வேண்டும். என்ஜின் பக்கம் தொடுமுன் உள்ளே துணி அடைத்துக்கொள்ளுங்கள். எமரி பேப்பர் மட்டும் கூடவே கூடாது. அந்த மணல் ஆயிலில் கலந்தால் பேரிங் போச்சு.

பாலக்கோடு:
அண்ணா, ஊறிய புளியங்கொட்டைத் தோல் மாதிரி உரிந்து வந்தது! காகிதத் துணுக்குகளுக்குத்தான் பிளேடு தேவைப்பட்டது. அந்தக் கோட்டுக்கு என்ன செய்வது? மறுபடியும் பசை போடலாமா?

ஓசூர் பட்டறை:
கோடு விளிம்போடு நீளவாக்கில் ஓடினால் பெரிய கவலை இல்லை. உள்ளிருந்து வெளியே குறுக்கே போனால்தான் ஆயில் கசியும். அப்படியிருந்தால் மேடாக நிற்கும் பிசிறை எண்ணெய்க் கல்லால் (எண்ணெய் விட்டுக் கத்தி தீட்டும் நைசான கல்) மெல்லத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய பூச்சு. மற்ற இடமெல்லாம் புது காகித பேக்கிங்கே போதும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பசை போட்டிருந்தால் ஒரு நாள் விட்டு ஆயில் ஊற்றுங்கள்.

கவர் திறந்திருக்கும்போதே என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சல்லடையையும் வெளியே இழுத்துப் பாருங்கள். அதிகமாக அப்பிய பசை உள்பக்கம் பிதுங்கி, அறுந்து, நேராக அங்கேதான் போய்ச் சேரும்.

பாலக்கோடு:
இழுத்துப் பார்த்தேன் அண்ணா. சாம்பல் நிறத்தில் மூன்று துண்டு, மண்புழு போலச் சுருண்டு கிடந்தன. கோடு நீளவாக்கில்தான் இருக்கிறது. பேக்கிங் வாங்கக் கிளம்பிவிட்டேன்.